செவ்வாய்க்கிழமைப் பூங்கா

அம்புரோஸ் செலண்டார் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். இருபத்தொரு வயதில் கனரக லோரி உரிமம் எடுத்து, பத்தொன்பது வருடம் ஜொகூருக்கும் கிள்ளானுக்கும் சாமான் ஏற்றிக்கொண்டு ஓடினார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். இருக்கிற பாதி நாளில் தூங்குவார். இல்லையென்றால் ஜாசினில் மாதா கோயில் பாடகர் குழுவோடு பாடிப் பழகிக்கொண்டிருப்பார். குழுவில் அவர் குரல் தனியாகக் கேட்கும். ஃபாதரே ஒருமுறை, "கொஞ்சம் மத்தவங்க குரலும் ஆண்டவருக்குக் கேக்கட்டும், அம்புரோஸ்" என்று சொல்லியிருக்கிறார்.

மகள் ரெனீக்கு நாலு வயது நடக்கும்போது, மலாக்கா மருத்துவமனையில் ஒரு டாக்டர் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று சொன்னார். திரும்பி வரும்போது செலண்டார் சாலையை எட்டியதும் மனைவி செலினா, "இனிமே நீங்க வீட்டுல இருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். அடுத்த மாதமே அம்புரோஸ் தூர ஓட்டத்தை விட்டார். தோட்டத்திலிருந்து செம்பனைக் குலைகளை ஏற்றிப் போய் எண்ணெய் ஆலையில் கொட்டுகிற லோரிக்கு மாறிக்கொண்டார். காலை ஆறு மணிக்குப் போனால் மூன்று மணிக்கு வீடு. செலினா ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை பார்த்தாள்.

பாடகர் குழுவையும் விட வேண்டியிருந்தது. கோயிலில் ஆர்கன் சத்தம் எழும்பினாலே ரெனீ காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முழுவதும் அம்புரோஸ் மகளோடு வெளியே, கார்கள் நிற்கிற இடத்தில் நிற்பார். உள்ளே பாடுகிறவர்களோடு சேர்ந்து வாய்க்குள்ளேயே பாடிக்கொள்வார்.

ரெனீக்குச் சொற்கள் குறைவு. "தண்ணி", "போதும்", "ப்பா", இப்படி விரல்விட்டு எண்ணிவிடலாம். கையில் வளையல், கடிகாரம், எதுவும் ஒட்டக்கூடாது. ஆனால் குழாயைத் திறந்துவிட்டால் ஒரு மணி நேரம் அதன்முன் உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் விழுவதைத் தலையைச் சாய்த்துப் பார்க்கிறபோது அவள் முகத்தில் வருகிற அமைதி வேறு எப்போதும் வராது.

அவளுக்கு எட்டரை வயதானபோது, டிசம்பர் பள்ளி விடுமுறையில், அம்புரோஸின் தம்பி கிளைவ் கோலாலம்பூரிலிருந்து குடும்பத்தோடு வந்தான். டுரியான் துங்கால் போகிற வழியில் தண்ணீர் விளையாட்டும் ராட்டினமுமாக ஒரு பூங்கா இருந்தது. "எல்லாரும் சேர்ந்து தீம் பார்க் போவோம்லா. ரெனீக்குத் தண்ணின்னா உசுராச்சே" என்று கிளைவ்தான் சொன்னான். நல்ல மனதோடுதான் சொன்னான்.

பதினொரு மணி வெயில். வரிசை வாசலைத் தாண்டிச் சாலை வரைக்கும் நின்றது. ஒவ்வொரு தூணிலும் ஒலிபெருக்கி. முக்கால் மணி நேரம் ரெனீ அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடியபடி நின்றாள். சமாளித்துவிட்டாள் என்றுதான் அம்புரோஸ் நினைத்தார். வாசலில் நின்ற ஊழியர் காகிதப் பட்டை ஒன்றை எடுத்துச் சட்டென்று அவள் மணிக்கட்டில் ஒட்டினார்.

அவ்வளவுதான். ரெனீ தரையில் விழுந்து உருண்டாள். பட்டையைப் பல்லால் கடித்து இழுத்தாள். தூக்கப்போன அம்புரோஸின் முழங்கையைக் கடித்ததில் இரத்தம் வந்தது. "பெத்துட்டாப் போதுமா, வளர்க்கத் தெரிய வேணாமா?" என்று வரிசையில் ஒரு பெண் குரல் தமிழிலேயே கேட்டது. செலினா மகள்மேல் குனிந்து நிழல் கொடுத்தபடி, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்புரோஸ் நிமிர்ந்து தம்பியைத் தேடினார். கிளைவ் தன் பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு இருபதடி தள்ளி, வேறு யாரோ போல நின்றுகொண்டிருந்தான்.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கார் வரை நடந்த அந்தத் தூரம்தான் தன் வாழ்க்கையிலேயே நீளமான பாதை என்று அம்புரோஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அது அதோடு முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து ஆலை வாசலில் லோரிகள் எடைக்காக வரிசை கட்டி நின்றபோது, காளிமுத்து கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்தார். காளிமுத்து வேறு தோட்டத்து லோரி ஓட்டுபவர், அம்புரோஸைவிடப் பத்து வயது மூத்தவர்.

"தம்பி, இந்தக் கூத்தப் பாருங்க. நம்ம டிரைவருங்க குரூப்புல வந்திச்சி. கொழந்தைக்குப் பேய் பிடிச்ச மாதிரி ஆடுது."

அம்புரோஸ் பார்த்தார். திரையில் தெரிந்தது தன் சட்டையின் முதுகு. அதற்குக் கீழே ரெனீயின் மஞ்சள் நீச்சலுடை.

"இது என் மக, அண்ணே."

காளிமுத்து கைப்பேசியைப் பார்த்தார். அம்புரோஸைப் பார்த்தார். முழங்கையில் ஆறிவரும் பல் தடத்தையும் பார்த்தார். பின்னால் நின்ற லோரி ஹாரன் அடித்தது. அம்புரோஸ் ஏறிக் கதவைச் சாத்தி, லோரியை முன்னால் நகர்த்தினார்.

அன்று மாலைக்குள் அந்த குரூப்பில் காளிமுத்துவின் குரல் பதிவு ஒன்று வந்தது. "அது நம்ம அம்புரோஸ் மக. அந்தப் புள்ளைக்கு ஆட்டிசம். தெரியாம நானும் சிரிச்சேன், எனக்குத்தான் வெக்கம். எவன் கைப்பேசியில இருந்தாலும் அழிச்சிருங்க. இனிமே எவனாச்சும் அனுப்பினா என்கிட்ட நேரா வந்து பேசுங்க." அம்புரோஸ் அதை இரண்டு தடவை கேட்டார். செலினாவிடம் சொல்லவில்லை.

அதன்பிறகு அந்தக் குடும்பம் எங்கேயும் போகவில்லை. கல்யாணம், பிறந்தநாள் எதற்கும் அழைப்பு வந்தால் செலினா மட்டும் போய்த் தலைகாட்டிவிட்டு வருவாள். ஏறக்குறைய ஒரு வருடம் இப்படியே போனது.

முதலில் கவனித்தது செலினாதான். ரெனீ தினமும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வந்து அவள் மடியில் வைத்தாள். ஓடிக்கொண்டிருந்தது அதே பூங்காவின் விளம்பரப் படம். நாற்பது விநாடி. அதில் தண்ணீர் கொட்டுகிற ஒரு இடம் வரும். முடிந்ததும் ரெனீ திரும்பவும் அந்த இடத்துக்கே விரலால் தள்ளுவாள்.

"அவ அந்த எடத்த வெறுக்கலங்க," என்றாள் செலினா ஒரு நாள் சாப்பாட்டு மேசையில். "நாமதான் வெறுக்கறோம்."

"இன்னொரு தடவ அங்கயா? எனக்குத் தெம்பு இல்ல செலினா."

"எனக்கு மட்டும் இருக்கா? ஆனா அவ கேக்கறா. வேற எதையும் அவ இப்படிக் கேட்டதில்ல."

மறுநாள் ஆலை வாசலில் அம்புரோஸ் காளிமுத்துவிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னார். காளிமுத்து அதற்காகவே காத்திருந்தவர் போல, "என் மக தாரணி அங்கதான் வேல செய்யுது, தம்பி. அன்னிக்கும் அங்கதான் இருந்திச்சாம். இவ்ளோ நாளா உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். தாரணிக்கு இருபத்து மூன்று வயது. சறுக்குமரத்து மேலே நின்று ஆட்களை ஒவ்வொருவராக இறக்கிவிடுகிற வேலை. வந்து உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ரெனீக்கு என்ன பிடிக்கும், ஆண்ட்டி?"

டாக்டரும் உறவுக்காரர்களும் இத்தனை வருடம் கேட்டதெல்லாம் பிள்ளைக்கு என்ன முடியாது என்பதைத்தான்.

"தண்ணி விழுறது," என்றாள் செலினா. "மேல இருந்து கீழ."

தாரணி தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலையில் கூட்டமே இருக்காது. ஒன்பதரைக்குக் கேட் திறந்தாலும் பாட்டும் ஒலிபெருக்கியும் பதினொரு மணிக்குத்தான் போடுவார்கள். போகும்போது பையிலிருந்து ஐந்தாறு காகிதப் பட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். "பழைய கலரு, இப்ப உபயோகிக்கறதில்ல. மொதல்ல வீட்டுலயே பழகட்டும் அங்கிள்."

செலினா ஒரு பட்டையைச் சோற்றுப்பானைக் கைப்பிடியில் ஒட்டினாள். ஒன்றைக் குளியலறைக் குழாயில் ஒட்டினாள். அம்புரோஸ் ஒன்றைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு ஒரு வாரம் லோரி ஓட்டினார். ஆலையில், "என்ன அண்ணே, ஆஸ்பத்திரியில சேர்ந்துட்டீங்களா?" என்று கேட்டவர்களுக்கு, "ஆமாலா, தப்பிச்சி வந்துட்டேன்" என்றார். ஒன்பதாவது நாள் ரெனீ ஒரு பட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு தன் கணுக்காலில் சுற்றிக்கொண்டு, ஒட்டுவதற்காகக் காலை அப்பாவிடம் நீட்டினாள்.

"காலா?" என்றார் அம்புரோஸ். செலினா அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "ஒட்டுங்க, பேசாதீங்க" என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அம்புரோஸ் தனியாகப் பூங்காவுக்குப் போனார். நாற்பத்தாறு வயது லோரிக்காரர் ஒருவர் கையில் கைப்பேசியோடு ராட்டினக் குதிரைகளையும் செருப்பு வைக்கும் இடத்தையும் படம் பிடித்துத் திரிந்தார். பாதுகாவலர் ஒருவர் சந்தேகப்பட்டுப் பின்னாலேயே வந்தார். தாரணி ஓடிவந்து விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. படங்களை ஜாசினில் ஒரு கடையில் அச்சிட்டு, வரிசைப்படி ஒரு சின்ன ஆல்பமாக ஆக்கினார். கார், கேட், பட்டை, செருப்பு, ராட்டினக் குதிரை, திரும்பவும் கார், கடைசியில் வீடு. வீட்டுப் படத்தைக் கடைசியில் வைக்கச் சொன்னது செலினா. எப்போது முடியும் என்று தெரிந்தால் பிள்ளைக்குப் பயம் பாதி குறையும் என்பது அவள் கண்டுபிடிப்பு. குதிரையை அம்புரோஸ் தேர்ந்தெடுத்தார். மெதுவாகச் சுற்றும், ஆபத்தில்லை, அதில்தான் ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார். மூன்று வாரம் தினமும் மாலையில் அந்த ஆல்பத்தைப் புரட்டினார்கள்.

போகிற நாள் வந்தது. ஆலையில் இயந்திரப் பகுதியில் மாட்டிக்கொள்கிற காதுக் கவசம் ஒன்றை அம்புரோஸ் கேட்டு வாங்கி வந்திருந்தார். அது பெரியவர்கள் அளவு என்பதால் செலினா உள்பக்கம் துவாலைத் துணி வைத்துத் தைத்திருந்தாள். கேட்டில் தாரணி நின்றாள். ரெனீ ஒரு காலைத் தூக்கினாள். வாசலில் இருந்த பையன் மணிக்கட்டைத் தேட, "கால்ல ஒட்டு, தாப்பா, பரவாயில்ல" என்றாள் தாரணி. ஒட்டினான். ரெனீ குனிந்து பார்த்துவிட்டு உள்ளே நடந்தாள். செலினா அம்புரோஸின் கையைப் பிடித்து நசுக்கினாள்.

செருப்பு வைத்தார்கள். அதற்குப் பிறகு ரெனீக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. ஆல்பத்தில் கழிப்பறை இல்லை. செலினா கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே யாரோ கை கழுவிவிட்டுக் காற்று உலர்த்தியின் கீழ் கையை நீட்ட, அது உறுமியது. காதுக் கவசம் செலினாவின் கையில் இருந்தது.

ரெனீ கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். அம்புரோஸ் "ரெனீ!" என்று கத்தினார். அவள் குதிரை ராட்டினத்தைத் தாண்டி, பாலத்தின்மேல் ஏறி, வளைவில் மறைந்தாள். அம்புரோஸ் ஓடினார். கால் வழுக்கி ஒரு முழங்கால் தரையில் மோதியது. ஆழமான குளம் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் அவர் தலைக்குள் ஓடியது. சறுக்குமரத்து மேலே தன் இடத்துக்குப் போயிருந்த தாரணி இரண்டு கைகளையும் ஆட்டி இடது பக்கம் காட்டினாள்.

அங்கே கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிற சிறுவர் குளம். நடுவில் கம்பங்களின்மேல் ஒரு பெரிய சிவப்பு வாளி. மெதுவாகத் தண்ணீர் நிறையும், நிறைந்ததும் கவிழும், ஒரு பெரும் பாளமாகக் கீழே கொட்டும். குளத்துக்கு வெளியே, சிமெண்டுத் தரையில், ரெனீ சம்மணம் போட்டு உட்கார்ந்து தலையைச் சாய்த்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டு அம்புரோஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். செலினா வந்து காதுக் கவசத்தை மாட்டிவிட்டு, மறுபக்கம் உட்கார்ந்தாள். வாளி கவிழ்ந்தது. ரெனீ கையைத் தட்டினாள். மறுபடி நிறைந்தது. நாலாவது தடவை, கவிழ்வதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவள் இரண்டு கையையும் மேலே தூக்கினாள். எந்த நொடியில் விழும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அம்புரோஸ் எவ்வளவு முயன்றும் அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

"ப்பா," என்றாள் ரெனீ. கையைத் தூக்கு என்று அர்த்தம். அவரும் கையைத் தூக்கினார்.

ஒரு மணி நேரம் போனது. அம்புரோஸ் ஆல்பத்தைத் திறந்து குதிரைப் படத்தைக் காட்டினார். "குதிர பாக்கலாமாம்மா? குதிர?" ரெனீ ஆல்பத்தை மூடி அவர் மடியில் வைத்தாள்.

"இவ்ளோ தூரம் வந்துட்டு ஒண்ணுலகூட ஏறலேன்னா எப்படிலா?" என்றார் மனைவியிடம்.

செலினா சிரித்தாள். சிரிக்கும்போதே அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. "ஏறணும்னு யாருங்க சொன்னது? அந்தப் புள்ள மூஞ்சியப் பாருங்க."

பத்தே முக்காலுக்கு ரெனீ எழுந்து, யாரும் சொல்லாமலே குளத்துக்குள் இறங்கி, வாளிக்கு நேர் கீழே போய் நின்றாள். கைகளைத் தூக்கினாள். தண்ணீர் அவள் தலையில் இறங்கியது. அவள் சிரித்த சத்தம் கம்பங்களில் மோதித் திரும்பி வந்தது. மூன்று முறை நனைந்தாள். பிறகு, "போதும்" என்றாள். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்து வீட்டுப் படத்தைக் காட்டினாள். ஒலிபெருக்கி பாடத் தொடங்கியபோது அவர்கள் கார் சாலையில் இருந்தது.

அன்று அம்புரோஸ் வீட்டில் வாய்விட்டுப் பாடினார். பக்கத்து வீட்டு சுப்பம்மா அக்கா ஜன்னலைத் திறந்து, "என்ன தம்பி, லாட்டரியா?" என்று கேட்டார்.

இப்போது கழிப்பறைப் படமும் ஆல்பத்தில் இருக்கிறது. ரெனீ படிக்கிற சிறப்புக் கல்வி வகுப்பின் பெற்றோர் குழுவில் அம்புரோஸ் அந்தப் படங்களைப் போட்டார். அவர் எதிர்பார்க்காத அளவுக்குப் பதில்கள் வந்தன. எத்தனையோ பேர் ஒரே மாதிரி ஒரு கேட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள். தாரணி அவரைப் பூங்கா நிர்வாகி புவான் ஹஸ்னாவிடம் அழைத்துப் போனாள். அம்புரோஸ் தன் லோரிக்கார மலாயில், மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பத்துப் பன்னிரண்டு குடும்பம் வருவோம், கேட்டில் காக்க வைக்கக்கூடாது, பட்டையைப் பிள்ளை காட்டுகிற இடத்தில் ஒட்ட வேண்டும், கழிப்பறைக் காற்று இயந்திரத்தை இரண்டு மணி நேரம் அணைத்து வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். புவான் ஹஸ்னா குறித்துக்கொண்டே வந்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

செய்தி கிளைவுக்கும் போயிருந்தது. ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு ரொம்ப நேரம் வேறு எதையோ பேசினான். கடைசியில், "அண்ணே, அன்னிக்கு நான் தள்ளி நின்னேன்" என்றான்.

"தெரியும்."

"நானும் ஒரு செவ்வாக்கெழம லீவு போட்டு வரட்டுமா?"

"வா. நல்ல சட்ட போடாத, வாளித் தண்ணியில நனைஞ்சிரும்" என்றார் அம்புரோஸ்.

முதல் கூட்டுப் பயணத்தில் ஒன்பது குடும்பங்கள் வந்தன. எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல முடியாது. ஒருவன் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று செருப்போடே குளத்தில் இறங்கினான். ஒரு பெண்பிள்ளை ராட்டினக் குதிரையிலிருந்து இறங்க மறுக்க, ராட்டினத்தை ஓட்டுகிற தாரணியின் தோழி பதினேழு சுற்றுச் சுற்றவிட்டாள். வரிசையில் யாரும் முணுமுணுக்கவில்லை, ஏனென்றால் வரிசையே இல்லை.

கிளேபாங்கில் சாலையோரம் இளநீர்க் கடை வைத்திருக்கிற விமலன் மட்டும் கேட்டுக்கு வரவில்லை. அம்புரோஸ் தேடிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போனார். விமலன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் அவருடைய ஆறு வயது மகள் யாழினி இருக்கைப் பட்டையை இறுகப் பிடித்தபடி இருந்தாள்.

"எறங்க மாட்டேங்குது, அண்ணே. அரை மணி நேரமா கெஞ்சறேன்." விமலனின் குரல் தளர்ந்திருந்தது. "கடையச் சாத்திட்டு வந்தேன். வீணாப் போச்சு."

அம்புரோஸ் முன்பக்கக் கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். இறங்கச் சொல்லி யாழினியிடம் கேட்கவில்லை. கையிலிருந்த ரொட்டியைப் பிட்டு நடுவில் வைத்தார். ஏர்கான் ஓடியது. விமலன் கடையைப் பற்றிப் பேசினார், அம்புரோஸ் லோரியைப் பற்றிப் பேசினார். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னக் கை வந்து ரொட்டியை எடுத்துக்கொண்டு போனது. யாழினி கண்ணாடியில் மூக்கை அழுத்தி, மரங்களுக்கு மேலே தெரிந்த சறுக்குமரத்தின் நீல வளைவைப் பார்த்துக்கொண்டே தின்றாள்.

"பாக்குறா," என்றார் விமலன் மெதுவாக.

"பாக்கட்டும்."

"உங்க மக உள்ள தேடாதா, அண்ணே?"

"அவ அம்மா இருக்கா, வாளி இருக்கு. என்னத் தேட மாட்டா. நான் ஒக்காந்திருக்கேன்."

பதினொரு மணிக்கு ஒலிபெருக்கி போடுவதற்கு முன்பே விமலன் காரைத் திருப்பினார். யாழினி கடைசி வரைக்கும் இறங்கவில்லை. ஆனால் கார் நகர்ந்தபோது அழவும் இல்லை, பின்கண்ணாடி வழியே அந்த நீல வளைவு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் அம்புரோஸ் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தார். விமலன் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: "அண்ணே, அடுத்த மாசம் எத்தனாந் தேதி?"